ஐஸ் பெட்டிக்குச் சாவி இல்லை

"யாருடி கக்கூஸ்ல டீ ஊத்துனது?" என்று அம்மா கத்தியபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. அது டீ இல்லை. என் சிறுநீர். நல்ல கெட்டி டிகாஷன் நிறம்.

எழுந்து போய்ச் சொல்லலாம் என்றால் தொடைகள் இரண்டும் சிமென்ட் போட்டு இறுகினது மாதிரி இருந்தன. பாயில் கிடந்தபடியே, "நான்தாம்மா" என்றேன். அம்மா வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். காலையில் லூப் ரோட்டுக்கு மீன் விற்கப் போகிற அவசரத்தில் இருந்தவள், கையிலிருந்த அன்னக்கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். வியாபாரத்தை அவள் அப்படி வைத்து நான் பார்த்ததே இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் நடந்தது இதுதான். எங்கள் குப்பத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் பழுதானால் லாரித் தண்ணீர்தான் கதி. எங்கள் வீடு மூன்றாவது மாடி. சின்ன வயதிலிருந்தே எனக்கு மாடிப்படி என்றால் ஒரு வழக்கம் உண்டு: முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிடுவேன். நிற்காவிட்டால் தொடை எரியும், கல்லாகும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் இதற்கு வைத்த பெயர் 'நடிப்பு'. குப்பத்தில் வைத்த பெயர் 'மகாராணி'. வைத்தவன் என் மாமா மகன் சகாயம். கடற்கரையில் கால்பந்து ஆடுகிறவன், நாலு படியை ஒரே தாவலில் தாண்டுகிறவன்.

அன்றைக்கு லாரிக் குழாயை அவன்தான் பிடித்துக்கொண்டிருந்தான். "வழி விடுங்கப்பா, மகாராணி வந்துகினு கீறாங்க. இன்னா மகாராணி, பல்லக்கு எங்க?" வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்கு வந்ததே ஒரு ரோஷம்! இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். திருப்பத்தில் நிற்கவில்லை. இறங்கி வந்து மறுபடி எடுத்தேன். மறுபடியும் நிற்கவில்லை. கடைசி நடையில் வீட்டு வாசலுக்கு வந்து குடத்தை இறக்கலாம் என்றால் விரல்கள் திறக்கவில்லை. குடத்தின் கழுத்தைப் பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொண்டன. அம்மா ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள். கீழே சகாயம் கைதட்டிக்கொண்டிருந்தான்.

இந்த இடத்தில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கதையின் வேடிக்கை புரியாது. நான் அசோக் நகரில் ஒரு கோச்சிங் சென்டரில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அதிலும் எனக்கு மிகப் பிடித்த பாடம் செல் சுவாசம். மூக்கு விடுகிற மூச்சு இல்லை, ஒவ்வொரு செல்லும் உள்ளே விடுகிற மூச்சு. அந்தப் பாடம் வந்தால் நான் நாற்காலியில் உட்காரவே மாட்டேன். அதே பாடம் என் தொடைக்குள் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது.

அரசு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். பயிற்சி டாக்டர் ஒருவர் முடிவைப் பார்த்துவிட்டு, ஆய்வகத்துக்கு போன் போட்டு, எண் சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றார்கள். 'சிகே' என்று ஒரு நொதி. அது தசைக்குள்ளேயே இருக்க வேண்டியது. ரத்தத்தில் கொட்டிக் கிடந்தால் தசை உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது கொட்டோ கொட்டென்று கொட்டியிருந்தது. கூடவே தசையின் சிவப்பும் கரைந்து வந்துவிட்டது. இறைச்சிக்கு நிறம் தருகிற அதே பொருள். அதுதான் டிகாஷன். அது சிறுநீரகத்தின் சல்லடையில் போய் அடைத்துக்கொண்டால் சிறுநீரகம் நின்றுவிடும்.

"நின்னுட்டா?" என்று அம்மா கேட்டாள்.

"டயாலிசிஸ் வெக்க வேண்டி வரலாம்மா. பாக்கலாம். இப்போதைக்குத் தண்ணிதான் மருந்து" என்றார் பயிற்சி டாக்டர்.

அந்த 'பாக்கலாம்' என்ற சொல்லோடுதான் அடுத்த நாட்கள் கழிந்தன. இரண்டு கையிலும் ஊசி, பாட்டில் பாட்டிலாக உப்பு நீர். ஒரு பக்கம் உள்ளே போகிறது, இன்னொரு பக்கம் குழாய் வழியாகப் பையில் இறங்குகிறது. என் கட்டிலிலிருந்து பார்த்தால் டயாலிசிஸ் அறையின் கதவு தெரியும். உள்ளே போகிறவர்கள் கையில் ஒரு போர்வையோடு போவார்கள். நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலிருக்க நிறையப் பாடுபட்டேன். இருபத்து மூன்று வயதில் போர்வையோடு அந்த வரிசையில் நிற்கிற என்னை மனசு விடாமல் வரைந்து காட்டியது.

அப்பா கடலுக்குப் போகவில்லை. அதிகம் பேசாத மனிதர். அவருடைய வேலை, பையிலிருக்கிற நிறத்தைப் பார்ப்பது. வார்டு ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து, தலையைச் சாய்த்து, கடல் நிறத்தைப் பார்த்து மீன் இருக்கிறதா என்று சொல்கிற அதே பார்வை.

"டிகாஷன்தான்" என்பார். அம்மா உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம், "காப்பி" என்றார். மறுநாள், "டீ. லைட் டீ." அம்மா கிட்டே வந்து தானும் குனிந்து பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரம்மாவும் எட்டிப் பார்த்தாள். அப்புறம் ஒரு நாள் அப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எலுமிச்ச ஜூஸ்!" என்றார். வார்டில் பாதிப் பேர் சிரித்தார்கள். நர்ஸ் திட்டினார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். கிரியாட்டினின் அளவும் இறங்கிவிட்டது என்றார்கள். அது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு. ரத்தத்தில் குறைந்தால் சல்லடை வேலை செய்கிறது என்று அர்த்தம். போர்வை தேவைப்படவில்லை.

ஆனால் ஏன் இப்படி ஆனது? யாருக்கும் தெரியவில்லை. "உடம்ப வருத்தாத. இனிமே படியே ஏறாத, கனமே தூக்காத, நடையையும் கொறச்சுக்கோ" என்றார் ஒரு பெரிய டாக்டர். அதைக் கேட்டதும் சிறுநீரகம் பிழைத்த சந்தோஷம் பாதியாகிவிட்டது. வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திரு என்றால் என்ன செய்வது? உட்கார்ந்து பாடம் நடத்தக்கூடத் தெரியாத பிறவி நான்.

அன்று பார்வையாளர் நேரத்தில் சகாயம் வந்தான். இளநீர் வாங்கி வந்திருந்தான். முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி, அதை மறைக்க வாய் நிறைய நையாண்டி.

"நாலு கொடம் தூக்குனதுக்கு ஆஸ்பத்திரியா? சும்மா சொல்லாத ஸ்டெல்லா. வருசா வருசம் கொடி நடைல பெசன்ட் நகர் வரிக்கும் எங்க எல்லாரையும் முந்திகினு போவ. மூணு மாடிக்கு மட்டும் கால் வலிக்குமா? இன்னா, அப்போ மாதா இன்ஜின் மாட்டி வுடுறாளா?"

பக்கத்துக் கட்டிலில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் டாக்டர் ஒருவர் சட்டென்று திரும்பினார். நரம்புத் தசைப் பிரிவிலிருந்து வந்திருந்தவர், டாக்டர் பர்வீன்.

"இப்ப என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க."

சகாயத்தின் முகம் வெளுத்துவிட்டது. "இல்ல டாக்டர், சும்மா தமாசுக்கு..."

"தமாஷ்னாலும் பரவால்ல. நடக்குறாங்களா? எவ்ளோ தூரம்?"

நான் சொன்னேன். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி மாதா திருவிழாவுக்குக் கொடி ஏறும் நாளில் எங்கள் குப்பத்திலிருந்து ஒரு சின்னக் கொடியை எடுத்துக்கொண்டு காவி உடுத்தி பெசன்ட் நகர் கோயில் வரைக்கும் நடப்போம். சாந்தோமிலிருந்து அடையாறு பாலம் தாண்டிப் போகிற தூரம்.

"வலிக்காதா?"

"வலிக்காது டாக்டர்."

"யோசிச்சு சொல்லுங்க. கிளம்பின உடனே?"

யோசித்தேன். "கிளம்பின உடனே நாங்க நடக்கவே மாட்டோமே டாக்டர். குப்பத்துக்குள்ள தெருமுனைக்குத் தெருமுனை கொடிய நிறுத்தி ஜெபம் சொல்லி, பாட்டுப் பாடி, மெதுவா..." சொல்லச் சொல்ல எனக்கே உறைத்தது. நடந்து நின்று, நடந்து நின்று. அதற்கப்புறம்தான் மெயின் ரோடு.

டாக்டர் பர்வீன் புன்னகைத்தார். "நீங்க பயாலஜி டீச்சர்தானே? சொல்லுங்க, ஓட ஆரம்பிச்ச முதல் சில நிமிஷம் தசைக்கு சக்தி எங்கருந்து வருது?"

வகுப்பில் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். கட்டிலில் கிடந்தபடி கேட்டபோது என் கைமயிர் சிலிர்த்தது.

அதை இங்கே நான் என் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். உடம்பில் எந்த வேலை நடந்தாலும் அதற்கு ஏடிபி என்கிற சக்தி மூலக்கூறு வேண்டும். ஏடிபி என்பது மூன்று பேர் நெருக்கியடித்து உட்கார்ந்த ஆட்டோ. மூன்றாவது ஆள் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருப்பார். அவர் குதித்து இறங்குகிற வேகத்தில்தான் தசை சுருங்குகிறது. இரண்டு பேரோடு ஆட்டோ திரும்பி ஸ்டாண்டுக்குப் போய் மறுபடி ஓர் ஆளை ஏற்ற வேண்டும். நொடிக்கு நொடி, கோடிக்கணக்கான ஆட்டோ. அந்த ஆளை ஏற்றிவிடத்தான் நாம் சாப்பிடுகிறோம், மூச்சு விடுகிறோம்.

ஏற்றுவதற்கு இரண்டு வழி. சர்க்கரையைச் செல்லுக்குள் சட்டென்று இரண்டாக உடைப்பது முதல் வழி. ஆக்சிஜன் தேவையில்லை, வேகம் அதிகம், ஆனால் லாபம் கொஞ்சம். ரொம்ப விரட்டினால் லாக்டிக் அமிலம் சேரும். இரண்டாவது வழி மைட்டோகாண்ட்ரியா. உடைந்த சர்க்கரையையும் கொழுப்பையும் அது நிதானமாக எரித்து, கடைசியில் ஆக்சிஜனோடு சேர்த்துத் தண்ணீராக்கி முடிக்கும். லாபம் பல மடங்கு. ஆனால் ரத்த ஓட்டம் கூடி, எரிபொருள் வந்து சேரச் சில நிமிடம் ஆகும். அந்த இடைவெளியைச் சமாளிக்கத் தசை தன் வீட்டுக்குள்ளேயே சர்க்கரையைக் கோத்துச் சேர்த்து வைத்திருக்கும். அதன் பெயர் கிளைக்கோஜன். அதை உதிர்த்து எடுக்க ஒரு நொதி வேண்டும்.

"எனக்கு அந்த நொதி இல்லையா டாக்டர்?"

"சந்தேகப்படுறேன். இப்ப டெஸ்ட் பண்ண முடியாது. தசை ஆறட்டும், வாங்க."

அம்மாவுக்கு நான் சொல்லி விளக்கினேன். அவள் இரண்டே வரியில் பிடித்துக்கொண்டாள். "ஐஸ் பொட்டி நெறைய மீன் கீது. பூட்டு போட்டு கீது. சாவி இல்ல. அப்டித்தான?"

"அப்டித்தான்மா."

"அப்போ நீ எப்டி நடக்கிற?"

"வெளியிலருந்து வண்டியில சரக்கு வரும்மா. ரத்தத்துல. வர கொஞ்சம் நேரமாகும். அது வர்ற வரிக்கும் நான் ஓடக் கூடாது."

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "ஐயோ, இத்தினி வருசம் உன்ன சோம்பேறின்னு திட்டிகினு இருந்தேனே" என்றாள். சகாயம் இளநீரை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

தசை ஆறிய பிறகு சோதனைக்குக் கூப்பிட்டார்கள். முதல் சோதனை சின்னது. கையில் ஒரு பிடியைக் கொடுத்து அழுத்தி அழுத்தி விடச் சொன்னார்கள். இடையிடையே ரத்தம் எடுத்தார்கள். சாதாரண ஆளுக்கு லாக்டிக் அமில அளவு மளமளவென்று ஏறும். எனக்குக் கோடு தட்டையாகவே இருந்தது. தசை நிஜமாகவே உழைத்ததற்குச் சாட்சியாக, பக்கத்தில் அம்மோனியா மட்டும் ஏறிக்கொண்டே போனது. திரையில் அந்தத் தட்டைக் கோட்டைப் பார்த்ததும் நான் "சூப்பர்!" என்று கத்திவிட்டேன். ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த டெக்னீஷியன், "ஏம்மா, ரிசல்ட் நார்மல் இல்லம்மா" என்றார் பரிதாபமாக. எனக்குத் தெரியாதா? குணமாகாத குறை அது. ஆனால் நான் நடிக்கவில்லை என்று என் ரத்தமே கோடு போட்டுக் காட்டுகிறபோது கத்தாமல் எப்படி இருப்பது?

என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாட்ஸாப்பில் சொன்னேன். உடனே ஒருத்தி: "மேம், அப்போ சிலபஸ்ல இருக்கறதே நீங்கதானா?"

இரண்டாவது சோதனை சைக்கிள். நகராத சைக்கிள், மார்பில் ஒயர்கள். பளு கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அம்மா கதவோரம் நின்றாள். மிதித்தேன். கொஞ்ச நேரத்திலேயே தொடை எரிய ஆரம்பித்தது. இதயத் துடிப்பு எகிறியது. திரையில் எண் ஏறுவது எனக்கே தெரிந்தது. வழக்கமாக நான் நிற்கிற இடம் இதுதான்.

"நிறுத்தாதீங்க. வேகம் கூட்டாதீங்க. அப்படியே," என்றார் டாக்டர் பர்வீன்.

எரிச்சல். எரிச்சல். இன்னும் எரிச்சல். அம்மா வாய்க்குள் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள். திடீரென்று, யாரோ தோளிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி, கால் லேசானது. அதே பளு, அதே மிதி. திரையில் எண் இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. வியர்வை வழிய நான் சிரித்தேன். நிறுத்தச் சொன்ன பிறகும் மிதித்தேன்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு!"

"மாதாவே," என்றாள் அம்மா, அப்படியே தரையில் உட்கார்ந்து.

இதற்கு ஆங்கிலத்தில் 'இரண்டாம் மூச்சு' என்று பொருள்படும் ஒரு பெயர் இருக்கிறது. எனக்கு அம்மாவின் வண்டியே போதும். மரபணுச் சோதனைக்கு மட்டும் வெளியில் பணம் கட்ட வேண்டியிருந்தது. அம்மா சீட்டுப் பணத்தை முன்னாலேயே எடுத்தாள். டாக்டரின் சந்தேகம் உறுதியானது. அந்த நொதிக்கான மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒரு பழுதான பிரதி, அம்மாவிடமிருந்து ஒன்று. அம்மா கலங்கினாள். அப்பா சொன்னார்: "அவ மூக்கும்தான் என்னிது. அதுக்கு யாராச்சும் அழுதாங்களா?"

டாக்டர் பர்வீன் சொன்னது, அந்தப் பெரிய டாக்டர் சொன்னதற்கு நேர் எதிர். "உட்காராதீங்க. தினமும் நடங்க. ஆனா மெதுவா ஆரம்பிங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் தொடருங்க. பழகப் பழக வண்டி சீக்கிரம் வரும். ஓட்டம், கனம் தூக்கறது, குந்தி உட்கார்ந்து வேலை, இதெல்லாம் வேண்டாம்."

அம்மா தொண்டையைச் செருமினாள். "டாக்டரம்மா... முழங்கால்ல நடக்கலாமா?"

"என்னது?"

உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. டிகாஷன் நிறம் மாறாதிருந்த அந்த நாளில், கோயில் மணலில் நான் முழங்காலிட்டே மாதாவிடம் வருவேன் என்று அம்மா என் சார்பில் நேர்ந்துகொண்டுவிட்டாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்காகத் தாய் வாக்குக் கொடுத்தால் பிள்ளை கட்டுப்பட வேண்டும்.

"முழங்கால்லயா? கூடவே கூடாது. மறுபடி இதே கட்டில்தான்."

திரும்பும் வழியில் அம்மா விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். கோயில் முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். மாதா சொரூபத்தின் முன் நின்று, மார்க்கெட்டில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"தோ பாரு, நான் அவசரத்துல சொல்லிட்டேன். முழங்கால் வேணாம். நடந்தே வருவா. நின்னு நின்னு வருவா. அவ நிக்கிற எடத்துல எல்லாம் நானும் நிப்பேன். கோச்சிக்காத." கொஞ்சம் யோசித்தாள். "சரி, பெரிய மெழுவர்த்தி ஒண்ணு சேத்துக்கோ. அதுக்கு மேல கட்டாது."

கொசுறு கொடுத்து வியாபாரத்தை முடித்துவிட்டாள்.

கொடி நடை நாள் வந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. குப்பத்தில் எல்லாரும் காவியில் கூடியிருந்தார்கள். கொடி இந்த வருஷம் சகாயத்தின் கையில். யாரோ சொன்னார்கள்: "டைம் ஆச்சுப்பா. தெருமுனை ஜெபம் எல்லாம் வாணாம். நேரா மெயின் ரோடு பிடிச்சு வெரசா போயிடலாம்." எல்லாரும் தலையாட்டினார்கள். வேகமாகக் கிளம்பினால் சாந்தோம் தாண்டுவதற்குள் நான் சாலையோரத்தில் உட்கார்ந்துவிடுவேன். எல்லார் முன்னாலும் கையைத் தூக்கி, எனக்காக நில்லுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

சகாயம் கொடிக்கம்பைத் தரையில் ஊன்றினான். "தெருமுனைக்குத் தெருமுனை நிப்போம். வழக்கம்னா வழக்கம்தான். மழைல நனஞ்சா மாதா இன்னா கரைஞ்சிடுவாளா?" என்னைப் பார்க்கவே இல்லை. கொடியைத் தூக்கிக்கொண்டு ஆமை வேகத்தில் நடக்க ஆரம்பித்தான்.

முதல் முனையில் தொடை எரிந்தது, நின்றோம், பாடினோம். அடுத்த முனையில் இன்னும் எரிந்தது, நின்றோம். அம்மா என் பக்கத்திலேயே, அவளுக்கு வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பட்டினப்பாக்கம் வந்தபோது தூறல் விழுந்தது. அடையாறு பாலத்தில் ஏறியபோது, கீழே ஆற்றுவாய் சாம்பல் நிறத்தில் கிடக்க, கடல்காற்று மூஞ்சியில் அடிக்க, அது வந்தது. தெரிந்தே, பெயர் தெரிந்தே, காரணம் தெரிந்தே முதல் தடவையாக அதை நான் வரவேற்றேன். ரத்தம் சரக்கை இறக்க, மைட்டோகாண்ட்ரியாக்கள் அத்தனையும் அடுப்பைப் பற்றவைக்க, ஆட்டோக்கள் ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்ப, என் கால்கள் என்னை இழுத்துக்கொண்டு போயின. ஒவ்வொருவராகத் தாண்டினேன். கொடியையும் தாண்டினேன்.

"ஏய் மகாராணி!" பின்னால் சகாயத்துக்கு மூச்சு வாங்கியது. "மெதுவாப் போடி. கொடிய வுட்டுட்டு நீ மட்டும் போய் இன்னா பண்ணப் போற?"

நான் திரும்பி, பாலத்தின் கைப்பிடியோரம் நின்றேன். வலியால் இல்லை. அவன் வந்து சேரட்டும் என்று. அவனுக்குப் பின்னால், நனைந்த காவிப் புடவையில், பெரிய மெழுகுவர்த்தியைப் பிள்ளையைப் போல முந்தானையில் சுற்றி அணைத்தபடி அம்மா வந்துகொண்டிருந்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும் சொன்ன சொல் தவறாமல் அவளும் சட்டென்று நின்றாள். பாலத்தின் நடுவில், மழையில்.

"இன்னாடி நின்னுட்ட? வண்டி வரலியா?"

"வந்துடுச்சும்மா," என்று கத்தினேன். "நீ ஏறு!"